13பி ரோட்டரியில் கம்ப்ரெஷன் ரேஷியோவை 9.4-லிருந்து 10-க்கு ஏற்றினால் எவ்வளவு பவர் கூடும்?

எஃப்சி86:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1987 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்சி, அதாவது எஸ்4 (எஃப்சி-யின் முதல் வரிசை, அடுத்தது எஸ்5). டர்போ இல்லாத 13பி (ரெண்டு முக்கோண ரோட்டர் சுழலுற வாங்கெல் எஞ்சின்), கம்பெனி கம்ப்ரெஷன் ரேஷியோ (அறையின் பெரிய கொள்ளளவுக்கும் சின்னதுக்கும் உள்ள விகிதம்) 9.4:1. எஞ்சின் முழுசா பிரிச்சு ஸ்டாண்டில் இருக்கு. இன்டேக்குக்கு 4-போர்ட் பிளேட் போடப் போறேன். அதில் போர்ட் மூடுறது பாட்டம் டெட் சென்டருக்கு (அறை மிகப் பெரிசா இருக்கிற நிலை) அப்புறம் 50 டிகிரியில். போர்ட் வெட்டி அதை 75 டிகிரிக்குத் தள்ளலாம்னு டெம்ப்ளேட் வரைஞ்சு வச்சிருக்கேன். பெட்ரோல் 98 ரான் (ஆக்டேன் எண்) கிடைக்கும். டிராக் நாளுக்கும் ரோட்டுக்கும் ஒரே வண்டி.

பிரிச்சிருக்கும்போதே கம்ப்ரெஷனையும் ஏத்திடலாம்னு நினைக்கிறேன். கேள்விகள் இவைதான்:

எஸ்5 டர்போ இல்லாத ரோட்டர் (9.7) போடுறதா, ஆர்எக்ஸ்-8 ரெனசிஸ் ரோட்டர் (10.0) போடுறதா? பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டை லேசா சீவி கம்ப்ரெஷன் ஏத்துற மாதிரி ரோட்டர் ஹவுசிங்கைச் (ரோட்டர் சுழலுற வெளிக்கூடு) சீவ முடியுமா? இருக்கிற ரோட்டரின் முகத்தில் உள்ள குழியை வெல்டு வச்சு நிரப்பினா என்ன ஆகும்? இதெல்லாம் செஞ்சா கையில் எத்தனை குதிரைத்திறன் மிஞ்சும்? ரெண்டு வருஷம் கழிச்சு டர்போ போடுற எண்ணமும் இருக்கு, அதையும் மனசில் வச்சுச் சொல்லுங்க.

---

கடைசல்பட்டறை:

முதல்ல ஹவுசிங் சீவுற விஷயம். அதை இப்பவே மறந்துடுங்க. குரோம் மேற்பரப்பு கெட்டுப்போகும்கிறதைவிடப் பெரிய காரணம் கணக்கிலேயே இருக்கு.

ரோட்டரியில் ஒரு முகத்தின் கொள்ளளவு 3√3 × எக்சென்ட்ரிசிட்டி × ஆரம் × அகலம். 13பி-க்கு எக்சென்ட்ரிசிட்டி (ஷாஃப்ட் மையத்திலிருந்து ரோட்டர் மையம் விலகியிருக்கிற தூரம்) 15 மி.மீ., ஆரம் 105 மி.மீ., அகலம் 80 மி.மீ. பெருக்கிப் பாருங்க, 654 சிசி வரும். அகலத்தைக் குறைச்சா பெரிய கொள்ளளவும் குறையும், டாப் டெட் சென்டரில் (அறை மிகச் சின்னதா இருக்கிற நிலை) மிஞ்சுற சின்னக் கொள்ளளவும் அதே விகிதத்தில் குறையும். ரேஷியோ அப்படியே நிக்கும். இன்னும் சொன்னா ரோட்டர் முகத்துக் குழி மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறதால ரேஷியோ கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஹெட் சீவுற வித்தை பிஸ்டனுக்கு மட்டும்தான். எக்சென்ட்ரிக் ஷாஃப்டை (ரோட்டர்களைத் தாங்கிச் சுத்துற நடு ஷாஃப்ட்) மாத்தி ஸ்ட்ரோக் ஏத்தவும் வழியில்லை. ஹவுசிங்கின் உள்வளைவே அந்த 15 மி.மீ.-க்காக வெட்டினது.

அதனால ரோட்டரியில் ரேஷியோவைத் தீர்மானிக்கிற ஒரே இடம் ரோட்டர் முகத்தில் இருக்கிற குழிதான். குழியே இல்லாத ரோட்டரை இந்த 105-க்கு 15 அளவில் செஞ்சா கணக்குப்படி 18 சொச்சம் வரும். டாப் டெட் சென்டரில் 38 சிசிதான் மிஞ்சும். ஆனா அந்த எஞ்சின் சரியா எரியாது. ஹவுசிங்கின் இடுப்பு உள்ளே துருத்திக்கிட்டிருக்கே, அந்த இடத்தில் ரோட்டர் ஒட்டின மாதிரி வந்து நின்னு, எரியுற அறையை ரெண்டு துண்டாப் பிரிச்சுடும். குழிதான் ரெண்டு பக்கத்துக்கும் நடுவே பாலம்.

அளவுகளை இப்படி மனசில் வச்சுக்குங்க. டாப் டெட் சென்டரில் ஒரு முகத்துக்கு மிஞ்சுற கொள்ளளவு 8.5-க்கு 87.2 சிசி, 9.0-க்கு 81.8, 9.4-க்கு 77.9, 9.7-க்கு 75.2, 10.0-க்கு 72.7. 9.4-லிருந்து 10-க்குப் போறதுன்னா வெறும் 5.2 சிசி. ஒரு டீஸ்பூன் அளவு.

அந்த ஒரு டீஸ்பூனுக்காக வெல்டு வைக்காதீங்க. ரோட்டர் வார்ப்பிரும்பு. நிக்கல் ராடு போட்டு முன்கூட்டியே சூடாக்கி வச்சாலும் வெல்டு ஓரத்தில் வெள்ளை இரும்பாக் கெட்டிப்பட்டு, நுணுக்கமா விரிசல் விடும். ரோட்டர் நிமிஷத்துக்கு 2,500 சுத்து சுத்தும்போது எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் 7,500-ல் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு துணுக்கு பேர்ந்து விழுந்தா அபெக்ஸ் சீல் (ரோட்டர் மூலையில் நிக்கிற அடைப்புப் பட்டை), ஹவுசிங் குரோம், ரோட்டர் மூணும் ஒரே நேரத்தில் போச்சு. விரிசல் விடலைன்னே வச்சுக்குவோம். சூட்டில் அபெக்ஸ் சீல் பள்ளமும் சைட் சீல் பள்ளமும் நெளிஞ்சுடும். பள்ளத்துக்கும் அபெக்ஸ் சீலுக்கும் இடைவெளி 0.15 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாதுன்னு வரம்பு இருக்கிற இடத்தில் வெல்டு வச்ச ரோட்டர் எப்படி நிக்கும்? அதோட மூணு முகத்திலும் ஒரே எடை வெல்டு விழாது, பேலன்ஸ் கெடும்.

ரோட்டரை மாத்துறதுதான் வழி. எஸ்5-ன் 9.7 ரோட்டர் உங்க எஞ்சினுக்குப் பொருத்தமான தேர்வு. அதே 2 மி.மீ. அபெக்ஸ் சீல், அதே ஹவுசிங், எதையும் வெட்ட வேண்டாம். ஆனா அது எஸ்4 ரோட்டரைவிட எடை குறைவு. அதனால எஸ்5 டர்போ இல்லாத மாடலின் முன் கவுன்டர்வெயிட்டும் (சமன் செய்யுற எடை), அதுக்கேத்த பின்பக்க எடையும் கட்டாயம். மேனுவல் கியர் வண்டியில் பின்பக்க எடை ஃபிளைவீலோடவே சேர்ந்து வரும். லேசான ஃபிளைவீல் தனியா வாங்கிப் போடுறவங்க எந்த வருஷ கவுன்டர்வெயிட்னு பார்க்காம வாங்கிடுறாங்க. 6,000-க்கு மேல நடுக்கம் வந்து மெயின் பேரிங் தேயுறதுக்கு இதுதான் பாதிக் காரணம். ரெண்டு ரோட்டரையும் ஒரே எடை எழுத்திலோ பக்கத்து எழுத்திலோ தேடி எடுங்க. முகத்தில் ஏ முதல் இ வரை ஓர் எழுத்து அடிச்சிருப்பாங்க.

ரெனசிஸ் ரோட்டரைப் பழைய ஹவுசிங்கில் போடுறவங்க இருக்காங்க, ஓடவும் செய்யுது. ஆனா அது பக்கவாட்டு எக்ஸாஸ்டுக்காக வடிவமைச்ச ரோட்டர். அபெக்ஸ் சீல் பள்ளம் ஆழம் குறைவு, உங்க உயரமான பழைய சீல் உள்ளே அடங்காது. சைட் சீல் ஆப்பு வடிவத்தில் இருக்கும், இடமும் வேற. ஆயில் சீலுக்கும் சைட் சீலுக்கும் நடுவே கட்-ஆஃப் சீல்னு இன்னொண்ணு உண்டு. மொத்த சீல் செட்டும் ஆர்எக்ஸ்-8-க்கு உரியதா வாங்கணும், ரெண்டு பக்கக் கவுன்டர்வெயிட்டும் மாத்தணும். 9.7-க்கும் 10.0-க்கும் நடுவே இருக்கிற 2.5 சிசிக்கு இவ்வளவு வேலை தேவையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். என்னைக் கேட்டா தேவையில்லை.

---

முக்கோணம்:

மேலே சொன்ன இயந்திர விஷயங்கள் எல்லாம் சரி. பவர் கணக்கை நான் எழுதுகிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கம்ப்ரெஷன் ரேஷியோவால் வெப்பத்திறன் எவ்வளவு கூடும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. காமா (வாயுவின் வெப்பக் கொள்ளளவு விகிதம்) 1.3 என்று வைத்துக்கொண்டால் 9.4-லிருந்து 9.7-க்குப் போவதில் 1 சதவீதம். 9.4-லிருந்து 10.0 என்றால் 1.9 சதவீதம். 9.0-லிருந்து 10.0 என்றால் 3.3 சதவீதம். இது இழப்பே இல்லாத எஞ்சினுக்கான கணக்கு. எஸ்4-ன் 146 குதிரைத்திறனில் 1 சதவீதம் என்பது ஒன்றரை. இரண்டு சதவீதம் என்றால் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

ரோட்டரியில் இந்தச் சிறு லாபத்திலும் ஒரு பங்கு கரைந்துபோகும். எரியும் அறை நீளமாக, தட்டையாக இருக்கிறது. சுவர்ப் பரப்பு அதிகம், வெப்பம் சுவருக்குப் போகிறது. குழியைச் சிறிதாக்கும்போது இடுப்புப் பகுதியில் வாயு கடந்துபோகும் வழியும் குறுகுகிறது. ரோட்டர் டாப் டெட் சென்டரைக் கடக்கும்போது பின்பாதியில் உள்ள கலவை முன்பாதிக்குத் தள்ளப்படுகிறது. வழி குறுகினால் வேகம் ஏறும், வேகம் ஏறினால் சுவருக்குப் போகும் வெப்பமும் ஏறும்.

“எஸ்5 ரோட்டர் போட்டால் 160 குதிரைத்திறன் வரும்” என்று சிலர் சொல்வார்கள். எஸ்4 146, எஸ்5 160, உண்மைதான். அந்த 14-இல் ரோட்டரின் பங்கு ஒன்றோ இரண்டோதான். மீதியில் பெரும்பங்கு எஸ்5-இல் வந்த மாறும் இன்டேக் அமைப்புக்கும் மற்ற மாற்றங்களுக்கும் சேர வேண்டியது.

இப்போது உங்கள் போர்ட் டெம்ப்ளேட்டுக்கு வருவோம். இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறத் தொடங்குவது பாட்டம் டெட் சென்டரில் அல்ல, இன்டேக் போர்ட் மூடும்போது. வாங்கெல் எஞ்சினின் கொள்ளளவு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் கோணத்தில் மூன்றில் இரண்டு பங்கின் கொசைன்படி சீராக ஏறி இறங்கும், அதனால் கணக்கு சுலபம். 50 டிகிரியில் மூடினால் 654-இல் 92 சதவீதம் மிஞ்சியிருக்கும், அதாவது 600 சிசி. 9.4 ரோட்டரோடு உண்மையான அழுத்த விகிதம் 600-ஐ 77.9-ஆல் வகுத்து ஒன்று கூட்ட, 8.7. போர்ட்டை 75 டிகிரிக்குத் தள்ளினால் 82 சதவீதம்தான் மிஞ்சும், 537 சிசி. அதே ரோட்டரோடு விகிதம் 7.9-க்கு இறங்கிவிடும்.

அந்த 75 டிகிரி போர்ட்டோடு 9.7 ரோட்டர் போட்டால் 8.1. 10.0 ரோட்டர் போட்டால் 8.4. அதாவது போர்ட் வெட்டி 0.8 இழக்கிறீர்கள், விலை கொடுத்து வாங்கும் ரோட்டர் அதில் 0.2-ஐயோ 0.5-ஐயோ திருப்பித் தருகிறது. 7,000-க்கு மேலே உள்ளே பாயும் காற்றின் உந்துவிசை இந்த இழப்பை ஈடுகட்டிவிடும். 3,000-இல் ஈடுகட்டாது. சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்பலாக இருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு திசையில் இருக்கிறது. ஏற்றிய கம்ப்ரெஷன் உச்ச பவருக்காக அல்ல, பெரிய போர்ட் விழுங்கிய கீழ்வேக இழுவையைத் திரும்ப எடுப்பதற்காக. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் 9.7 ரோட்டர் நியாயமான செலவு. 50 டிகிரி போர்ட்டை அப்படியே விட்டுவிட்டு ரோட்டர் மட்டும் மாற்றினால் சாலையில் உணரவே மாட்டீர்கள்.

1991-இல் லெ மான் வென்ற 787பி-யின் ஆர்26பி எஞ்சினைப் பாருங்கள். நான்கு ரோட்டர், ஒவ்வொன்றும் இதே 654 சிசி, 9,000 சுற்றில் 700 பிஎஸ். அதன் கம்ப்ரெஷன் ரேஷியோ 10.0:1 மட்டுமே. மாஸ்டா பொறியாளர்கள் உழைத்தது வேறு இடத்தில்: ஒரு ரோட்டருக்கு மூன்று பிளக், ஓடும்போதே நீளம் மாறும் இன்டேக் குழாய், செராமிக் அபெக்ஸ் சீல். மூன்றாவது பிளக் அறையின் பின்மூலையில் எரியாமல் தங்கும் கலவையைப் பிடிப்பதற்காக. 10-ஐத் தாண்டி உற்பத்திக்கு வந்தது எம்எக்ஸ்-30-இல் 2023-இல் வந்த 8சி எஞ்சின். ஒற்றை ரோட்டர், 830 சிசி, 11.9:1. அதற்கு ஆரமும் எக்சென்ட்ரிசிட்டியும் அகலமும் புதிது, பெட்ரோல் நேரடியாக அறைக்குள் தெளிக்கப்படுகிறது. பழைய 13பி-யில் ரோட்டரை மட்டும் மாற்றி அந்த இடத்துக்குப் போக முடியாது.

---

எஃப்சி86:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரெனசிஸ் எண்ணத்தை விட்டுட்டேன். 75 டிகிரியையும் குறைச்சு வரையறேன்.

எஸ்5-ன்னு சொல்லி விக்கிற ரோட்டர் ரெண்டு கிடைச்சிருக்கு. சந்தேகத்துக்காக வாட்டர் சீல் போடாம எஞ்சினை அடுக்கி, பிளக் ஓட்டை வழியா எண்ணெய் ஊத்தி அளந்தேன். முகத்துக்கு 84 சிசி வருது. கணக்குப் போட்டா 8.8. இது 9.7 ரோட்டர் இல்லைன்னு அர்த்தமா? ஆனா 9.0-க்கும் சேரலை, 8.5-க்கும் சேரலை. ஆறு முகத்திலும் அரை சிசி வித்தியாசத்துக்குள்ளதான் வருது. டாப் டெட் சென்டருக்கு முன்பக்க புல்லியில் இருக்கிற குறியை வச்சுக்கிட்டேன்.

---

கடைசல்பட்டறை:

எந்தக் குறி? எஃப்சி புல்லியில் ரெண்டு இருக்கும். மஞ்சள் குறி லீடிங் (சுழற்சியில் முன்னால இருக்கிற) பிளக்குக்கு, டாப் டெட் சென்டருக்கு அப்புறம் 5 டிகிரி. சிவப்பு டிரெய்லிங் (பின்னால இருக்கிற) பிளக்குக்கு, அப்புறம் 20 டிகிரி. ரெண்டுமே டாப் டெட் சென்டர் கிடையாது.

20 டிகிரி தள்ளி நின்னா கொள்ளளவு 8.8 சிசி கூடுதலாக் காட்டும். உங்க 84-லிருந்து 8.8 கழிச்சா 75.2. அச்சு அசலா 9.7. சிவப்புக் குறியில் வச்சு அளந்திருக்கீங்க. ரோட்டர் சரியான ரோட்டர்தான். மஞ்சள் குறியில் அளந்திருந்தா தவறு அரை சிசி சொச்சம்தான் வந்திருக்கும், கண்ணுக்கே பட்டிருக்காது.

குறியை நம்பாம திரும்ப அளந்து உறுதிப்படுத்திக்குங்க. எஞ்சினை ஸ்டாண்டில் பிளக் பக்கம் மேலே வர்ற மாதிரி திருப்புங்க. அபெக்ஸ், சைட், கார்னர் சீல் எல்லாத்திலும் கெட்டியா கிரீஸ் பூசி அடுக்குங்க, இல்லைன்னா எண்ணெய் பக்கத்து அறைக்குக் கசிஞ்சு மட்டம் இறங்கிக்கிட்டே இருக்கும். லீடிங் ஓட்டையில் நிறமில்லாத குழாய் ஒண்ணு செங்குத்தா நிறுத்துங்க. பியூரெட்டிலிருந்து ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) மாதிரி லேசான எண்ணெயை ஊத்துங்க, டிரெய்லிங் ஓட்டை வழியா காற்று முழுக்க வெளியே வந்ததும் அதை அடைச்சுடுங்க. இப்ப ஷாஃப்டை முன்னும் பின்னும் மெதுவா அசைச்சா குழாயில் எண்ணெய் ஏறி இறங்குறது தெரியும். எந்த இடத்தில் மட்டம் உச்சிக்குப் போய்த் திரும்புதோ அதுதான் டாப் டெட் சென்டர். உச்சியில் ஊசி நின்ன மாதிரி நிக்கும், ரெண்டு டிகிரி தாண்டினாலும் மட்டம் அசையுறது தெரியாது. அதனால ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு இறங்குற இடத்தைக் குறிச்சு, நடுப்புள்ளியை எடுங்க. அப்புறம் குழாயில் நிக்கிற எண்ணெயைக் கழிச்சுடுங்க. ரெண்டு ஓட்டையையும் அடைச்சுட்டு ஷாஃப்டைத் திருப்பக் கூடாது, எண்ணெய் அமுங்காது, சீல் உடையும்.

இன்னொண்ணு. அளக்குறதுக்கு முன்னாடி ரோட்டர் முகத்துக் கரியைச் சுத்தமா எடுத்தீங்களா? ஒரு முகத்தின் பரப்பு 145 சதுர செ.மீ. வரும். அதில் 0.2 மி.மீ. கரி படிஞ்சிருந்தா 2.9 சிசி. 9.4 ரோட்டரைக் கரியே 9.7-ஆக் காட்டிடும். ஆறு முகமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வர்றதால உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லைன்னு தோணுது, இருந்தாலும் பாருங்க. கரியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறவங்க அபெக்ஸ் பள்ளத்தின் விளிம்பை மழுக்கிடுறாங்க. கார்பன் கிளீனரில் ஊற வச்சு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்க. பள்ளத்துக்குப் பழைய அபெக்ஸ் சீலையே உடைச்சு, அதன் விளிம்பால் சுரண்டுறது நல்ல வழி.

பழைய ரோட்டர்ங்கிறதால சைட் சீலைப் புதுசா வாங்கி, ஒவ்வொண்ணையும் அதன் பள்ளத்திலேயே வச்சு, கார்னர் சீலுக்கும் அதுக்கும் 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி வர்ற மாதிரி அரம் போடுங்க. 0.05 பக்கம் நெருக்கிப் பிடிங்க. நீங்க ரோட்டர் மாத்திச் சம்பாதிக்கிற ஒரு சதவீதத்தை சைட் சீல் இடைவெளி 0.3-ல் நின்னா முழுசா இழந்துடுவீங்க. பக்கப் பிளேட்டில் சீல் தேய்ச்ச படி 0.10 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தா லாப்பிங் (மட்டமாத் தேய்ச்சு எடுக்கிறது) பண்ணாம அடுக்காதீங்க.

---

எஃப்சி86:

சிவப்புக் குறிதான்! மறுபடி அளந்தேன், 75-ஐ ஒட்டி வருது. இனி டைமிங், டர்போ பத்தி யாராவது சொன்னா நல்லா இருக்கும். எஸ்4 டர்போ இல்லாத மாடலில் நாக் (கலவை தானாவே வெடிச்சு எரியுறது) சென்சார் கிடையாது.

---

டைமிங்மார்க்:

டர்போ இல்லாம, 98 ரானில் 9.7 ரோட்டருக்கு நாக்கிங் பெரிய பயம் இல்லை. ஆனாலும் பழைய டைமிங் மேப்பை அப்படியே போடாதீங்க. முழு லோடில் லீடிங்கை 2 டிகிரி பின்னுக்கு இழுத்துத் தொடங்கி, டைனோவில் ஒவ்வொரு டிகிரியா முன்னே கொண்டுபோங்க. ரோட்டரியில் டைமிங்குக்கும் பவருக்கும் உள்ள வளைவு உச்சியில் தட்டையா இருக்கும். கடைசி 3 டிகிரியில் பவர் ஏறுறது ஒண்ணுமே இல்லை, ஆபத்து மட்டும் ஏறும். பவர் ஏறுறது நின்ன இடத்திலிருந்து 2 டிகிரி பின்னால வச்சுட்டு நிம்மதியா ஓட்டலாம்.

டிரெய்லிங் பிளக்கில்தான் கவனம் வேணும். எரியுற அறையில் சுடர் முன்பக்கம் வேகமா ஓடும், பின்பக்கம் ஓடத் தயங்கும். வாயு ஓட்டமே பின்னிருந்து முன்னாலதான் போகுது. அதனால கடைசி வரை எரியாம, அழுத்தத்தில் சூடேறிக் காத்திருக்கிற கலவை பின்மூலையில்தான் இருக்கும். நாக் அங்கதான் பிறக்கும். டிரெய்லிங்கை லீடிங்குக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டு வந்தா டைனோவில் ரெண்டு குதிரைத்திறன் கூடும், அதைப் பார்த்து மயங்கிடாதீங்க. 10 முதல் 15 டிகிரி இடைவெளி விட்டு வைங்க. பிளக் லீடிங்குக்கு என்ஜிகே பியுஆர்7இக்யூ, டிரெய்லிங்குக்கு பியுஆர்9இக்யூ போதும். டிராக்கில் தொடர்ந்து ஓட்டுற நாளில் நாலுமே 9.

முழு லோடில் காற்று-எரிபொருள் விகிதம் 13-ஐ ஒட்டி இருக்கட்டும். பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்குறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்: ஆயில் கலந்தா ஆக்டேன் கொஞ்சம் இறங்கும். 1:200 அளவில் பயப்பட ஒண்ணுமில்லை, கை போன போக்கில் ஊத்தினா பயப்படணும்.

நாக் வந்தா ரோட்டரியில் என்ன ஆகும்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் கடகடன்னு தட்டிக்கிட்டு ஓடும், நாம காலை எடுத்துடலாம். இங்க எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது காதில் விழாது. 2 மி.மீ. அபெக்ஸ் சீல் ஓரத்தில் நகம் அளவு துண்டு உடைஞ்சு, எக்ஸாஸ்ட் போர்ட் வழியா வெளியே போற வழியில் ஹவுசிங் குரோமைக் கீறிட்டுப் போகும். டர்போ இருந்தா டர்பைன் பிளேடும் சேர்ந்து போச்சு. பிரிச்சுப் பார்த்தா ரோட்டர் பள்ளத்தின் உதடு ஒரு பக்கம் அமுங்கி, புது சீல் உள்ளே நுழையாத அளவுக்கு நெருங்கியிருக்கும்.

டர்போ விஷயம். ரெண்டு வருஷத்தில் கண்டிப்பா டர்போன்னா இப்ப 9.7 வேண்டாம். காரணத்தைக் கணக்காவே சொல்றேன். 9.0-லிருந்து 10.0-க்குப் போனா அழுத்தத்தின் முடிவில் கலவையின் வெப்பம் ஏறுற அளவு, உள்ளே வர்ற காற்றே 10 டிகிரி சூடா வந்த மாதிரி. இன்டர்கூலர் அதைச் சமாளிக்கும். அழுத்தம்தான் பிரச்சினை, அது 15 சதவீதம் ஏறும். பழைய அழுத்தத்திலேயே நிறுத்தணும்னா 0.7 பார் பூஸ்டை (டர்போ தர்ற கூடுதல் அழுத்தம்) 0.48-க்கு இறக்கணும். உள்ளே போற காற்றில் 13 சதவீதம் போச்சு, கம்ப்ரெஷனால வந்தது 3 சதவீதம். நிகர நஷ்டம். மாஸ்டாவே எஸ்4 டர்போவுக்கு 8.5, எஸ்5 டர்போவுக்கும் எஃப்டி-க்கும் (எஃப்சி-க்கு அடுத்து வந்த ஆர்எக்ஸ்-7) 9.0-ல்தான் நிறுத்திச்சு. ஈ85-ஓ (எத்தனால் கலந்த எரிபொருள்) மெத்தனாலோ ஓட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அவங்க 9.7-ல் பூஸ்ட் ஏத்தலாம். பம்ப் பெட்ரோலுக்கு 9.0.

---

எஃப்சி86:

அப்போ டர்போவைத் தள்ளி வைக்கிறேன். இந்த எஞ்சின் டர்போ இல்லாமலே இருக்கட்டும். போர்ட் 65 டிகிரி, ரோட்டர் 9.7. அடுக்கி முடிச்ச பிறகு கம்ப்ரெஷன் டெஸ்டில் என்ன எண் எதிர்பார்க்கலாம்?

---

முக்கோணம்:

65 டிகிரி என்றால் 654-இல் 86 சதவீதம், உண்மையான விகிதம் 8.5. நல்ல தேர்வு.

டெஸ்டுக்கு ரோட்டரிக்கென்று உள்ள கருவியே வேண்டும், அல்லது வால்வு கழற்றிய சாதாரண கேஜில் மூன்று துள்ளலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வால்வோடு பார்த்தால் மூன்று முகங்களில் நல்லதை மட்டுமே காட்டும். எஃப்டி-யின் 13பி-க்கு மாஸ்டா தரும் அளவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 250 சுற்றில் 8.5 கிலோ/ச.செ.மீ., குறைந்தது 7.0, முகங்களுக்கு நடுவே வித்தியாசம் 1.5-க்குள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், திராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், டிரெய்லிங் பிளக்குகள் மட்டும் வெளியே, லீடிங் பிளக்குகள் அப்படியே இருக்க வேண்டும்.

9.4-க்குப் பதில் 9.7 போட்டதால் கேஜில் கூடுவது 4 சதவீதம், 8.5 இருந்த இடத்தில் 8.8. ஆனால் போர்ட்டை 50-லிருந்து 65-க்குத் தள்ளியது அதைவிட அதிகமாகக் கழித்துவிடும். பேட்டரி பலவீனமாகி ஸ்டார்ட்டர் 250-க்குப் பதில் 200-இல் சுற்றினால் இன்னும் இறங்கும். ஆகவே கேஜ் எண்ணை வைத்து ரோட்டரை எடைபோடாதீர்கள். முகங்கள் ஆறும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துவருகின்றன என்று பாருங்கள். புதிதாக அடுக்கிய எஞ்சினில் முதல் நாள் எண் குறைவாகவே வரும். சீல் ஹவுசிங்கோடு பதிந்து உட்கார 1,000 கி.மீ. ஓட வேண்டும். அதுவரை 4,000 சுற்றைத் தாண்ட வேண்டாம். பிறகு மறுபடி அளந்து, இரண்டு அட்டவணையையும் இங்கே போடுங்கள்.

---

கடைசல்பட்டறை:

அடுக்கும்போது எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் எண்ட் பிளே (முன்பின் ஆட்டம்) 0.04 முதல் 0.07 மி.மீ.-க்குள் நிக்குதான்னு டயல் கேஜ் வச்சுப் பாருங்க. முன்பக்க கவுன்டர்வெயிட் மாத்துறதால அதைக் கழட்டி மாட்டும்போது உள்ளே இருக்கிற நீடில் பேரிங் நழுவி, ஸ்பேசருக்கும் பிளேட்டுக்கும் நடுவே சிக்கிக்கும். போல்ட் இறுக்கினதும் ஷாஃப்ட் கையால சுத்தலைன்னா அதுதான் காரணம், மேல மேல இறுக்காம உடனே கழட்டிடுங்க.